உங்களுக்குத் தெரியுமா? லிஸ்டுக்கு லிஸ்ட் ஜோடி சேர்க்கையில்…

பெயர்கள் ஒரு லிஸ்டில், மதிப்பெண்கள் இன்னொரு லிஸ்டில் இருக்கின்றன. பெயருக்கு நேரே மதிப்பெண் வர வேண்டும். பைத்தான் கற்கத் தொடங்கும் பலரும் இதற்கு ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப்பை எழுதிவிடுகிறார்கள். 3 பேர், 3 மதிப்பெண் என்றால் திரையில் 9 வரிகள் வந்து நிற்கும். கயலுக்கே 78, 91, 64 மூன்றும் வரும். சலீமுக்கும் அதே மூன்றும் வரும். 30 பேர் வகுப்பென்றால் 900 வரிகள். உள்ளே இருக்கும் லூப், வெளி லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் முதலிலிருந்து ஓடுவதுதான் காரணம். ஜோடி சேர்க்க ஒரே லூப் போதும்.

★

பைத்தானில் 1, 2, 3 உள்ள லிஸ்டையும் 10, 20, 30 உள்ள லிஸ்டையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தால் 11, 22, 33 கிடைக்காது. ஆறு உறுப்புகள் கொண்ட ஒரு நீண்ட லிஸ்ட் கிடைக்கும். அதே எண்கள் 'நம்பை' என்ற பைத்தான் நூலகத்தின் அர்ரேயில் இருந்தால் 11, 22, 33 வரும்.

★

மூன்று உறுப்புகளின் இண்டெக்ஸ் 0, 1, 2. லூப்பை 1-இல் தொடங்கினால் முதல் ஆள் காணாமல் போவார். 3 வரை ஓட்டினால் 'இண்டெக்ஸ் எரர்' வரும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதே நல்லது என்று 1982-இல் ஒரு தனிக் குறிப்பே எழுதினார் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. தொடக்க எண்ணைச் சேர்த்து, முடிவு எண்ணை விட்டுவிட்டால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்ததுமே எத்தனை உறுப்புகள் என்று தெரிந்துவிடும். பைத்தானின் 'ரேஞ்ச்' இந்த முறையில்தான் எண்ணுகிறது.

★

இண்டெக்ஸே வேண்டாம் என்பவர்களுக்காக 2000-இல் பைத்தான் 2.0-உடன் வந்தது 'ஜிப்'. இரண்டு லிஸ்டையும் கொடுத்தால் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தரும். அருமையான வசதி. ஆனால் இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு லிஸ்ட் குட்டையாக இருந்தால், அது தீர்ந்ததும் ஜிப் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

நான்கு மாணவர்களில் இரண்டாமவர் தேர்வுக்கு வரவில்லை, அவருக்கான இடத்தைக் காலியாக விடாமல் மூன்று மதிப்பெண்களை மட்டும் பதிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவரின் மதிப்பெண் இரண்டாமவருக்குப் போகும், நான்காமவருடையது மூன்றாமவருக்கு. நான்காமவர் பெயரே பட்டியலில் இருக்காது. எரர் எதுவும் வராது. புரோகிராம் பாதியில் நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மோசம். பரீட்சைக்கே வராத பிள்ளை பாஸாகியிருக்கும்!

2021-இல் வந்த பைத்தான் 3.10 இதற்கு மருந்து தந்தது. ஜிப்புக்குள் 'ஸ்ட்ரிக்ட் = ட்ரூ' என்று சேர்த்துவிட்டால், நீளம் பொருந்தாதபோது 'வேல்யூ எரர்' எழும். சம நீளம் இருக்க வேண்டிய இடத்தில் இதை எழுதாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நீண்ட லிஸ்ட் முழுவதும் வேண்டுமென்றால் 'இட்டர்டூல்ஸ்' மாட்யூலில் உள்ள 'ஜிப் லாங்கஸ்ட்' குறையும் இடங்களை நிரப்பித் தரும்.

ஸ்ட்ரிக்ட் பார்ப்பது நீளத்தை மட்டும்தான். பெயர்கள் அகர வரிசையிலும் மதிப்பெண்கள் பதிவெண் வரிசையிலும் இருந்தால், நீளம் சரியாகவே இருக்கும். விடை முழுக்கத் தப்பாக இருக்கும். அங்கே வரிசையை நம்பாமல், பதிவெண்ணைச் சாவியாக வைத்து டிக்ஷனரியில் சேமிப்பதுதான் சரி.

★

பைத்தான் 3-இல் ஜிப் தரும் விடையை ஒருமுறைதான் சுற்றி வரலாம். முதல் லூப்பில் எல்லாம் வரும். அதையே இரண்டாம் லூப்பில் போட்டால் ஒன்றும் வராது. மறுபடியும் தேவையென்றால் முதலிலேயே லிஸ்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

★

இரண்டு ஃபைல்களை ஜிப் வழியாக வரி வரியாகப் படிக்கும்போது 5 வரி ஃபைலை முதலிலும் 3 வரி ஃபைலை அடுத்தும் கொடுத்தால், நீண்ட ஃபைலின் நான்காம் வரி தொலைந்துபோகும். ஜிப் அதை எடுத்த பிறகுதான் அடுத்த ஃபைல் தீர்ந்தது தெரிகிறது. எடுத்த வரி திரும்புவதில்லை. மிச்சம் ஐந்தாம் வரி மட்டும். குட்டை ஃபைலை முதலில் கொடுத்தால் இந்த இழப்பு இல்லை.

★

ஆர் மொழி வேறு வழியில் போகிறது. 6 எண்களோடு 2 எண்களைக் கூட்டினால், அந்த இரண்டையே மூன்று முறை திருப்பிப் பயன்படுத்திக்கொள்ளும், எச்சரிக்கையே இல்லாமல். 5 எண்களோடு 2 எண்களைக் கூட்டினால்தான் எச்சரிக்கை வரும். அப்போதும் விடையைத் தந்துவிடும்!

★

ஓகேமல் மொழியின் 'லிஸ்ட்.கம்பைன்' தொடக்கத்திலிருந்தே கறார்: நீளம் ஒன்றாக இல்லையென்றால் எக்ஸெப்ஷன்தான். 2025-இல் வந்த பைத்தான் 3.14, ஜிப்புக்குத் தந்த அதே ஸ்ட்ரிக்ட் வசதியை 'மேப்' ஃபங்க்ஷனுக்கும் தந்திருக்கிறது.