கார் ஷெட்டுக்கு ஒரு காற்று வடிகட்டி: மெஷினை நிறுத்தினப்புறம்தான் அதுக்கு வேலை

வீட்டு கார் ஷெட்டில் மரவேலை பண்றவங்களுக்கான எபிசோட் இது. காரை வெளியே நிறுத்திட்டு, உள்ளே ஒரு மேஜை, ஒரு கட்டர் மெஷின், ஒரு சாண்டர்னு ஆரம்பிச்சு, இப்போ கார் திரும்ப உள்ளே வரவே முடியாத நிலைமையில் இருக்கறவங்க நிறைய பேர் இதைக் கேக்கறீங்கன்னு தெரியும். பேச்சைக் கொஞ்சம் சுருக்கி எழுத்தாக்கியிருக்கேன். ஆடியோவில் பின்னாடி ஒரு ஃபேன் சத்தம் ஓடிட்டே இருக்கும், இங்கே அந்தத் தொல்லை இல்லை.

வந்த கேள்வி இதுதான்: "ஷெட்டுக்கு ஒரு ஏர் ஃபில்டர் நாமளே பண்ணிட முடியுமா? பண்ணா நிஜமாவே வேலை செய்யுமா?" பண்ணலாம், வேலையும் செய்யும். ஆனா எந்த வேலையைச் செய்யும்னு புரிஞ்சுக்காம பண்ணா, ஒரு பெட்டியைச் செஞ்சு வெச்சுட்டு மாஸ்க்கைக் கழட்டிடுவோம். அது பெட்டியே இல்லாததை விட மோசம்.

முதல்ல தூசியைப் பார்ப்போம். உப்புத்தாள் போடும்போது கண்ணுக்குத் தெரியுற தூள் நுரையீரலுக்கு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. அது கனமானது, தரையில் விழுந்துடும், மூக்கிலேயே நின்னுடும். தெரியாததுதான் சிக்கல். ஒரு ஆள் நிக்கிற உயரத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே, காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் ஒண்ணு கீழே வந்து சேர சுமார் 8 நிமிஷம் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்குச் சுமார் 2 மணி நேரம். 1 மைக்ரானுக்கு 12 மணி நேரம். எந்த அறையிலும் காற்று அப்படிச் சும்மா நிக்காது, அதனால நிஜத்தில் இதை விடவும் அதிக நேரம் மிதக்கும்.

இப்போ நம்ம பழக்கத்தைப் பாருங்க. மெஷின் ஓடும்போது மாஸ்க் போடறோம். மெஷினை ஆஃப் பண்ணதும் முதல் வேலையா மாஸ்க்கைக் கழட்டறோம், டீ குடிக்கிறோம், செஞ்ச பொருளைத் தடவிப் பார்க்கறோம். காற்று பார்க்கத் தெளிவா இருக்கு. ஆனா நுரையீரலின் அடி வரைக்கும் போகக்கூடிய சைஸ் துகள் எல்லாம் அப்பவும் மூஞ்சி உயரத்தில்தான் இருக்கு.

இதில் என் வீட்டுச் சங்கதி ஒண்ணு இருக்கு. எங்க சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்தவர். எனக்கு இழைப்புளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இப்போ அவருக்கு மூச்சிரைப்பு. தூசி பக்கம் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா சாயங்காலம் ஆனா எங்க ஷெட்டுக்கு வந்து பலகை மேல உக்காந்து, நான் பண்ற ஜாயிண்டைக் குறை சொல்லாம அவருக்கு இருப்பு கொள்ளாது. மாஸ்க் போடச் சொன்னா, "அதைப் போட்டுட்டு நான் எப்படிக் கண்ணு பேசறது"ன்னு கேப்பார். அதனால எனக்கு இந்தப் பெட்டி ஒரு பொழுதுபோக்கு ப்ராஜெக்ட்டா ஆரம்பிக்கலை. நான் மெஷினை நிறுத்தி எத்தனை நிமிஷம் கழிச்சு அவரை உள்ளே விடலாம்? அதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வி இருந்ததால கணக்கு போட வேண்டியதாச்சு.

இது மிகைப்படுத்தற பயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானவை பட்டியலில், சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வர்ற புற்றுநோய்தான் அதில் முக்கியமானது. எம்.டி.எஃப், பிளைவுட் அறுத்தா மரத்தூளோட பசையும் சேர்ந்து பறக்கும். அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். பொழுதுபோக்கா ஞாயித்துக்கிழமை மட்டும் பண்றவருக்கும், தினமும் பட்டறையில் நிக்கிறவருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லைதான். ஆனா பட்டறையில் கதவு திறந்திருக்கும், நாம ஷட்டரை இழுத்து மூடிட்டு வேலை பார்க்கறோம்.

சரி, வடிகட்டி. கடைக்குப் போனா எல்லாரும் கேக்கறது "ஹெபா இருக்கா?" 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிச்சாத்தான் அதுக்கு ஹெபான்னு பேர். அதுக்குக் கீழே மெர்வ்னு ஒரு தர வரிசை இருக்கு. அதில் மெர்வ் 13 ஃபில்டர் 1 முதல் 3 மைக்ரான் துகளில் 85 சதவீதமாவது பிடிக்கணும், 0.3 முதல் 1 மைக்ரானில் 50 சதவீதம் பிடிச்சாலே பாஸ். பரீட்சை மார்க் மாதிரி பார்த்தா ஹெபா ஜெயிச்சிடுச்சு.

ஆனா ஒரு அறையைச் சுத்தம் பண்ண அந்த மார்க் மட்டும் போதாது. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று போகுது, அதில் எவ்வளவு பங்கு பிடிபடுது, இந்த ரெண்டையும் பெருக்கணும். அதைத்தான் சி.ஏ.டி.ஆர்னு சொல்றாங்க, சுத்தமான காற்று வெளியே வர்ற வேகம். ஹெபா அடர்த்தியானது, சாதாரண ஃபேனால அதுக்குள்ள காற்றைத் தள்ள முடியாது. நிமிஷத்துக்கு 100 கன அடிதான் போச்சுன்னா, கிடைக்கிறது கிட்டத்தட்ட 100. அதே ஃபேன் மெர்வ் 13 வழியா 300 கன அடி தள்ளுச்சுன்னா, 1 முதல் 3 மைக்ரான் துகளுக்கு 255. ஒரே தடவையில் எல்லாத்தையும் பிடிக்கணும்னு அவசியமே இல்லை. தப்பிச்சது அதே அறையில்தான் சுத்துது, அடுத்த ரவுண்டில் மாட்டும். எங்க துறையில் ரீட்ரைன்னு சொல்லுவோமே, அதேதான்.

காற்று லேசா போகணும்னா பரப்பு வேணும். ஒரே ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிறதுக்கும் நாலு ஸ்ட்ராவைச் சேர்த்துப் பிடிச்சுக் குடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஃபேன் முன்னாடி ஒரு ஃபில்டரை ஒட்டறதுக்குப் பதிலா நாலு ஃபில்டரைச் சுவரா நிறுத்தினா, அதே காற்று ஒவ்வொண்ணு வழியாவும் கால் வேகத்தில் போகும், தடையும் ஏறக்குறைய கால்வாசி ஆயிடும்.

2020-ல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சிங்கற சுற்றுச்சூழல் பொறியாளர் இந்த யோசனையைச் சொன்னார். டெக்சாஸில் ஃபில்டர் கம்பெனி நடத்திட்டு இருந்த ஜிம் ரோசந்தால் அதை அந்த ஆகஸ்டில் செஞ்சு பார்த்தார். கோர்சி-ரோசந்தால் பெட்டின்னு பேர் வந்தது அப்படித்தான். 20 இன்ச் சதுர மெர்வ் 13 ஃபில்டர் நாலு சுவரா, கீழே ஒரு அட்டை, மேலே 20 இன்ச் பாக்ஸ் ஃபேன் மேல் நோக்கி ஊதற மாதிரி, சுத்தி டேப். அவ்வளவுதான். வகுப்பறைகளில் பிள்ளைகளே உக்காந்து செஞ்சாங்க. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ புகைக்கும் இதையே வெச்சாங்க. அதில் ஒரு சின்ன நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஃபேன் முகத்தில் நாலு மூலையையும் மறைக்கிற மாதிரி நடுவில் வட்டம் வெட்டின ஒரு அட்டை. சதுர ஃபேனில் இறக்கை போகாத மூலை வழியா, ஊதின காற்றே திரும்ப உள்ளே வந்துடும். அந்த ஓட்டையை அடைச்சாலே காற்றோட்டம் கூடுது. செலவு, ஒரு பார்சல் டப்பா.

நம்ம ஊரில் அந்த 20 இன்ச் பாக்ஸ் ஃபேன் கடைக்குக் கடை கிடைக்காது. தேவையும் இல்லை. நான் பயன்படுத்தறது 12 இன்ச் மெட்டல் பாடி எக்ஸாஸ்ட் ஃபேன். பாத்ரூமுக்கு வைக்கிற பிளாஸ்டிக் ஃபேன் வேண்டாம், ஃபில்டர் கொஞ்சம் அடைச்சாலே அதுக்கு மூச்சு முட்டும். 12 எம்.எம் பிளைவுட்டில் வட்டம் வெட்டி ஃபேனை முடுக்கினா பெட்டியின் மூடி ரெடி. வட்டமான வெட்டுங்கறதால மூலைப் பிரச்சினையும் தானாவே போயிடுது. ஃபேன் வெளியே தள்ளற திசை மேலே பார்த்து இருக்கணும். விரல் போகாத மாதிரி மேலே ஒரு கம்பி வலை கட்டாயம்.

ஃபில்டருக்கு, சென்ட்ரல் ஏசி டக்ட் வேலை பண்றவங்க வாங்கற கடையில் போய் எஃப்7 ஃபைன் ஃபில்டர்னு கேளுங்க. ஐரோப்பாவில் அந்தப் பெயரிடற முறை 2018-லேயே காலாவதி ஆயிடுச்சு, ஆனா கடையில் சொன்னா புரியுது. ஏறக்குறைய மெர்வ் 13-க்குச் சமம். கடைக்காரர்கிட்ட என்ன அளவு இருக்கோ அதை வாங்கிட்டு வந்து, அதுக்குத் தகுந்த மாதிரி பெட்டியை அறுங்க. மரவேலை பண்றவங்க பெட்டிக்கு ஏத்த ஃபில்டரைத் தேடி அலையக் கூடாது. சட்டத்தில் காற்று போகிற திசைக்கு அம்புக்குறி இருக்கும், அது பெட்டியின் உள்பக்கம் பார்க்கணும். ஃபில்டருக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் கதவுக்கு ஒட்டற ஃபோம் டேப் போதும். வெளியே மெல்லிசா ஒரு சிந்தெடிக் ப்ரீ-ஃபில்டர் துணி சுத்திடுங்க. பெரிய தூள் அதிலேயே நின்னுடும், வாரம் ஒரு தடவை வாக்குவம் பண்ணிக்கலாம்.

இப்போ என் கணக்கு. ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம், 10 அடி உயரம். 1800 கன அடி. எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டி மேல மணிக்கு இத்தனை கன மீட்டர்னு போட்டிருக்கும். அதை 1.7 ஆல வகுத்தா நிமிஷத்துக்குக் கன அடி. ஆனா அது எந்தத் தடையும் இல்லாம ஓடும்போது கிடைக்கிற எண். அதில் பாதிக்கும் கீழே வெச்சு, பிடிபடாததையும் கழிச்சு, சுத்தமான காற்று நிமிஷத்துக்கு 200 கன அடின்னு எடுத்துக்கறேன். 1800-ஐ 200 ஆல வகுத்தா 9 நிமிஷம். அப்போ 9 நிமிஷத்தில் அறை சுத்தம்னு தோணும். கிடையாது. வெளியே வர்ற சுத்தக் காற்று அழுக்குக் காற்றோட கலந்துட்டேதான் இருக்கும், அதனால 9 நிமிஷத்தில் இன்னும் 37 சதவீதம் மிச்சம். பாதியாக 6 நிமிஷம், பத்தில் ஒரு பங்காக 21 நிமிஷம், நூறில் ஒரு பங்காக 41 நிமிஷம். என் கேள்விக்கு இதுதான் பதில்: கடைசி மெஷின் நின்னு முக்கால் மணி நேரம் கழிச்சு சித்தப்பாவைக் கூப்பிடலாம். பெட்டி இல்லேன்னா மறுநாள் காலைன்னுதான் சொல்லியிருக்கணும். இது தூசிக்கான கணக்கு மட்டும்தான், டாக்டர் சொல்றதுக்குப் பதில் ஆகாது.

"ஷட்டரைத் திறந்துவிட்டா போதாதா?" நியாயமான கேள்வி. அமெரிக்காக்காரருக்குக் குளிர்காலத்தில் சூடு வெளியே போற கவலை, நமக்கு அது இல்லை. ரெண்டு பக்கமும் திறப்பு இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப் போடாத இடமா இருந்தா, அதே எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுவரில் வெச்சு வெளியே தள்றதுதான் சிறந்தது. ஃபில்டர் செலவே இல்லை, வாடையும் போயிடும். எனக்கு வேலை நேரம் ராத்திரி 8-க்கு மேல. சத்தத்துக்காக ஷட்டரை மூடித்தான் ஆகணும், அதான் பெட்டி.

வேலை நடக்கும்போது இந்தப் பெட்டி உங்களைக் காப்பாத்தாது. சாண்டருக்கும் உங்க மூக்குக்கும் நடுவில் ஒன்றரை அடிதான், அந்தத் தூசி பெட்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்துடும். மெஷினின் வாயிலேயே வாக்குவம் குழாயை மாட்டணும், முகத்தில் என்95 இருக்கணும். பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முதல்ல வாக்குவம் வாங்குங்க, பெட்டி அப்புறம். பாலிஷ், தின்னர் வாடை இதில் நிக்கவே நிக்காது, இது துகளுக்கான ஃபில்டர். தின்னர் அடிக்கும்போது பெட்டியை ஆன் பண்ணவும் வேண்டாம். ஆவி தீப்பிடிக்கக் கூடியது, சுவிட்ச் பொறி போதும். ஷட்டரைத் திறங்க, பகலில் அடிங்க.

இன்னொண்ணு பெருக்கறது. காய்ஞ்ச தரையில் துடைப்பம் போட்டா, படிஞ்ச தூசி பூரா திரும்ப மேலே ஏறும், 41 நிமிஷம் மறுபடி முதலிலிருந்து. இதுக்குச் சித்தப்பாகிட்ட ஏற்கெனவே தீர்வு இருந்தது. "வாசலுக்குத் தெளிக்கிற மாதிரி நாலு கை தண்ணி தெளிச்சுட்டுப் பெருக்கு கண்ணு, பட்டறையில் அப்படித்தான் பண்ணுவோம்." மெஷின் கிட்டேயும் பலகை கிட்டேயும் தண்ணி படாம பார்த்துக்கணும், மத்தபடி இதில் திருத்தறதுக்கு எனக்கு எதுவும் இல்லை.

பெட்டியை மூலையில் ஒதுக்காம, நாலு பக்கமும் ஒரு அடியாவது இடம் விட்டு வைங்க. வேலை ஆரம்பிக்கும்போதே ஆன் பண்ணி, முடிச்சு ஒரு மணி நேரம் ஓட விடுங்க. 60 வாட் ஃபேன் நாலு மணி நேரம் ஓடினா கால் யூனிட் கரண்ட். ஃபில்டரை மட்டும் ஏசி வலை மாதிரி குழாயடியில் கழுவிடாதீங்க. இந்த இழைகளில் நிறைய வகைக்கு மின்னூட்டம் ஏத்தியிருப்பாங்க, சின்னத் துகளை இழுத்துப் பிடிக்கிறதில் பெரிய பங்கு அதுக்குத்தான். கழுவினா அது குறைஞ்சிடலாம், பார்க்க மட்டும் பளிச்னு இருக்கும். மேலே வர்ற காற்று கையில் பட்டு பலவீனமா தெரிஞ்சா மாத்தற நேரம். வெளியே எடுத்துட்டுப் போய், மாஸ்க் போட்டு, பழசைத் தட்டாம அப்படியே பெரிய பாலிதீன் கவரில் இறக்கிக் கட்டிடுங்க.

அடுத்த எபிசோடில் வாக்குவம் கிளீனருக்கு முன்னாடி வைக்கிற சைக்ளோன் பக்கெட். பெயிண்ட் டப்பா ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க.