பரப்பும் குழியும் செய்மதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உரும்பிராயில் காணி விலைக்கு வருகிறதென்றால் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பரப்பு?" என்பதுதான். 16 பரப்பு ஓர் ஏக்கர். 18 குழி ஒரு பரப்பு. ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர், ஒரு குழி 14. செம்மண் தோட்டக் காணியில் ஒரு குழி கூடினாலும் குறைந்தாலும் விலை மாறும். அளவுக் கருவியின் பிழையும் அங்கே காசுக்கணக்குத்தான்.

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 5 மீற்றர் அளவுக்குப் பிசகக்கூடும். சதுரமான ஒரு பரப்புக் காணியின் பக்கம் 16 மீற்றர். ஒரு பக்க எல்லை 5 மீற்றர் தள்ளிப்போனால் ஐந்து குழிக்கு மேல் அடுத்தவர் காணிக்குள் போய்விடும். அளவையாளரின் ஆர்டிகே கருவி இரண்டு சென்ரிமீற்றர் அளவில்தான் பிசகும். அதே கணக்கில் இழப்பு நான்கு சதுர அடிக்கும் குறைவு.

இரண்டுக்கும் செய்மதிகள் ஒன்றே. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுபவை. கைபேசி, சமிக்ஞையில் பொதிந்திருக்கும் நேரக்குறியை வாசிக்கிறது. ஆர்டிகேயோ அதைச் சுமந்துவரும் 19 சென்ரிமீற்றர் அலைகளையே கணக்கிடுகிறது. கூடவே, அமைவிடம் துல்லியமாகத் தெரிந்த ஓரிடத்தில் இன்னொரு கருவி நிற்கும். வளிமண்டலம் இரண்டையும் ஏறக்குறைய ஒரேயளவு ஏமாற்றுவதால், அதன் பிழையைக் கொண்டு இதைத் திருத்திவிடலாம்.

வாழைத்தோட்ட வெளியில் இது சரிவரும். மாவும் பலாவும் அடர்ந்த வீட்டு வளவுக்குள் வானம் தெரியாது. அங்கே முக்காலியில் ஏறுவது டோட்டல் ஸ்டேஷன். மூலையில் உதவியாளர் பிடித்திருக்கும் பிரிசத்தில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து தூரத்தையும், கூடவே கோணத்தையும் அது சொல்லிவிடும். 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட சங்கிலியை இழுத்துத் திரிந்த வேலை இப்போது சில விநாடி.

உயரம் மட்டும் சிக்கல். ஜிபிஎஸ் அதைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்கென வகுத்த ஒரு கணித வடிவத்திலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் கடல்மட்டம் அவ்வடிவத்தைவிட 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே பெரிய தாழ்வு அதுதான்; அதன் பாதிப்பு குடாநாடுவரை நீள்கிறது. திருத்தம் செய்யாவிட்டால், உரும்பிராய்த் தோட்டம் கடலுக்குப் பல பத்து மீற்றர் கீழே கிடப்பதாகக் கருவி காட்டும்! தட்டையான நிலத்தில் வாய்க்கால் வெட்ட சில சென்ரிமீற்றர் வாட்டமே முக்கியம் என்பதால், பழைய லெவல் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கிளுவைக் கதிகால் வேலிக்கு வந்தால் துல்லியம் தடுமாறும். கதிகால் பருக்கும், சரியும். பட்டுப்போனால் புதிது நடுவார்கள். 1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு வேலியே மிஞ்சவில்லை. இரண்டு சென்ரிமீற்றர் கருவி எந்தக் கோட்டை அளப்பது? அளவையாளர் காணி உறுதியைப் புரட்டுகிறார், பழைய பிளானைப் புதிய அளவின்மேல் பொருத்துகிறார், எஞ்சிய எல்லைக்கல்லைத் தேடுகிறார், அயலவரை அழைத்து வைத்துக்கொள்கிறார்.

பங்குக் கிணறு இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. கிணற்றின் இடத்தையும், அதற்குப் போகும் வழியையும், தண்ணீர் ஓடும் வாய்க்காலையும் அவர் பிளானில் குறிப்பார். யாருக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதை மட்டும் உறுதியில்தான் பார்க்கவேண்டும்.