மீட்டிங்கில் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா?

மென்பொருளில் இருக்கும் பிழையை முதலில் கண்டுபிடிப்பவர் ஓர் ஊழியர். ஆனால் மீட்டிங்கில் மேலாளர் பெயர் சொல்லிக் கேட்டதும் "நத்திங் சார்" என்று முடித்துக்கொள்வார். அதே பிழையைப் பிறகு வேறொருவர் சொல்லிப் பாராட்டு வாங்குவார். சென்னை, கோவை ஐ.டி. அலுவலகங்களில் இப்படிப்பட்டவர்கள் பலர். இதைத் திறமைக் குறைவு என்று எண்ணுவது பெரும் அநியாயம்.

உடலில் நடப்பது

பலருடைய பார்வை நம்மேல் விழுவதை மூளையின் அமிக்டலா பகுதி ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, குரல் நடுங்குகிறது. பேசாமல் தப்பித்துவிட்டால் உடனே நிம்மதி. சிக்கலே அந்த நிம்மதியில்தான். பேசாததால்தான் தப்பித்தோம் என்று மூளை பழகிக்கொள்ள, அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. துணிந்து பேசத் தொடங்கியவருக்கோ, பெரும்பாலும் சில நிமிடங்களில் படபடப்பு தானே அடங்கிவிடும்.

ஆங்கிலச் சுவர்

தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவருக்குச் சுமை இரட்டிப்பு. மனத்தில் தமிழில் எழுந்ததை ஆங்கிலமாக்கி, இலக்கணம் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். இதற்கு ஊழியரை மட்டும் திருத்தப் பார்ப்பது சரியல்ல. பேசப்போகும் விஷயங்களை மேலாளர் முதல்நாளே அனுப்பலாம். கருத்தை எழுதித் தரச் சொல்லலாம். எல்லோரும் தமிழர் என்றால் தமிழிலேயே பேசவிடலாம். இவை எதற்கும் மேலாளருக்குச் செலவில்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவரை அடக்குவதும் அவர் பொறுப்பே.

கொஞ்சம் கொஞ்சமாக

மீட்டிங் தொடங்கியதுமே சிறு கேள்வி ஒன்றைக் கேட்டுவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் கூடும். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். படபடப்பு உள்ளவர்கள் மீட்டிங்குக்கு முன் காபியைத் தவிர்ப்பது நல்லது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்கள், 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

மருத்துவரிடம் எப்போது?

ஆறு மாதத்துக்கும் மேலாக இந்த அச்சம் நீடித்து, விடுப்பு எடுக்கவோ பதவி உயர்வை மறுக்கவோ வைத்தால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் நல்ல பலன் உண்டு. படபடப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தயங்காமல் அழையுங்கள்.