கிணற்று மேட்டில் ஒரு கண்: சூரிய மின்சாரத்தில் தோட்டக் காவல்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றைக்குத் தோட்டக் காவலுக்குப் படுக்க ஆள் இல்லை. பெரியவர்களுக்கு வயசாகிவிட்டது. பிள்ளைகள் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வீடு ஒரு பக்கம், நிலம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பக்கம். ராத்திரியில் கிணற்றுப் பம்புசெட்டின் செம்பு வயரை வெட்டிக்கொண்டு போகிறார்கள். காட்டுப்பன்றி இறங்கிக் கடலையைக் கிளறிவிட்டுப் போகிறது. வயரை உருக்கி விற்கிறவனுக்குச் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். நமக்கோ புது வயர் வாங்கி மோட்டாரை மறுபடி ஓட்டுவதற்குள் பயிர் வாடிப்போகும்.

இந்த நிலைமையில்தான் நம் உழவர்கள் பலர் சூரிய மின்சாரத்தில் ஓடும் கண்காணிப்புக் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். அழகர்மலைக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தில் இரண்டு கேமராக்களை ஓட்டி வருகிறேன். ஒன்று கிணற்று மேட்டில், இன்னொன்று கடலைக் காட்டின் ஓரத்தில். அதில் கற்றுக்கொண்டதையும், வாங்குமுன் போட வேண்டிய கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் ரூம் கரண்டு இருக்கிறதே?

முதலில் எல்லோரும் கேட்பது இது. "என்னண்ணே, கிணத்துலதான் கரண்டு இருக்குல்ல, அதுலயே மாட்டிவிட வேண்டியதுதானே?"

மாட்டக்கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள். விவசாய மின் இணைப்பில் எதை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்று மின்வாரியத்துக்கு விதிகள் இருக்கின்றன. அது நீர் இறைக்கக் கிடைத்த இலவச மின்சாரம், அதை வம்பில் மாட்டிவிட வேண்டாம். இரண்டாவது, மின்சாரம் எந்த நேரம் இருக்கும், எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். களவாங்க வருகிறவன் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் வயரில் கை வைப்பான். அந்தக் கரண்டில் ஓடும் கேமரா அந்த நிமிஷமே கண்ணை மூடிவிடும். தனியாக நிற்கும் பேனலும் பேட்டரியும் இருந்தால் அது விழித்தே இருக்கும்.

இரண்டு வகை

கடையில் கிடைப்பதை இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, தூங்கி விழிக்கும் கேமரா. சின்ன பேனல், உள்ளேயே பேட்டரி, சிம் போட ஓர் இடம், அவ்வளவுதான். பி.ஐ.ஆர். என்னும் உணரி உடம்புச் சூடு நகர்வதை உணர்ந்ததும் கேமராவை எழுப்பும். அது சில விநாடிகள் படம் பிடித்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். கடலைக் காட்டு ஓரத்தில் நான் வைத்திருப்பது இதுதான்.

இதன் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்துத்தான் பி.ஐ.ஆர். வேலை செய்கிறது. சித்திரை, வைகாசி நடுப்பகலில் காற்றே உடம்புச் சூட்டை எட்டிவிடும்போது அதற்கு வித்தியாசம் தெரிவது குறையும். கேமராவை நோக்கி நேராக வருகிறவரைவிட, குறுக்கே கடக்கிறவரை அது சட்டென்று கண்டுகொள்ளும். ஆகவே பாதையைப் பார்த்து நேராக வைக்காமல், பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

இன்னொன்று, விடாமல் பதிவு செய்யும் கேமரா. இதற்குத் தனிப் பேனல், தனிப் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். செலவு கூடும். ஆனால் எதுவும் விடுபடாது. கிணற்று மேட்டில் இருப்பது இது.

சித்திரைக் கணக்கு ஆகாது, கார்த்திகைக் கணக்கு போடுங்கள்

விடாமல் ஓடும் கேமராவும் 4ஜி ரூட்டரும் சேர்ந்து சுமார் 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 × 24 = 240 வாட்-மணி தேவை.

மதுரை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! பங்குனி, சித்திரையில் சின்னப் பேனலே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில், முழு வெயில் மூன்று மணி நேரம்தான் என்று கணக்கு வைப்பதே பத்திரம். தூசி, சூடு, வயர், கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் போகும் இழப்பு போக 70 சதவீதம் கைக்கு வரும். 240-ஐ 3-ஆலும் 0.7-ஆலும் வகுத்தால் 114 வருகிறது. ஆக, 125 வாட் பேனல் போட வேண்டும்.

பேட்டரி: 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 512 வாட்-மணி இருக்கும். 80 சதவீதம் எடுத்தால் 410. வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றே முக்கால் நாளுக்குக் கிட்டத்தட்ட ஓடும். மூட்டமான நாளிலும் பேனலில் கொஞ்சம் வரும் என்பதால் அடைமழையையும் தாண்டிவிடலாம். அதே அளவு ஈய-அமில பேட்டரி என்றால் பாதிதான் எடுக்கலாம். அதற்கு மேல் அடிக்கடி வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். சூடும் அதற்கு ஆகாது. பேட்டரிப் பெட்டியை எப்போதும் நிழலில், தரையிலிருந்து தூக்கி, காற்றோட்டமாக வையுங்கள்.

கிணற்று மேட்டு அமைப்புக்கு எனக்கு ஆன செலவு: பேனல் 4,500, பேட்டரி 9,000, கன்ட்ரோலர் 900, கேமரா 4,500, கம்பம், சிமெண்ட், வயர் எல்லாம் 3,500. மொத்தம் ரூ.22,400. ஓரத்துக் கேமரா ரூ.6,000-க்குள் முடிந்தது. கடைக்குக் கடை விலை மாறும். ஒரு முறை வயர் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்பம் நடும்போது

* மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்ந்திருந்தால் போதும். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போதும் வெளிச்சம் கிடைக்கும், மழை பெய்தால் தூசியும் தானே வழிந்துவிடும்.
* ஒரு தென்னை ஓலையின் நிழல்தானே என்று விடாதீர்கள். பேனலில் செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த மின்சாரமும் படுத்துவிடும்.
* கேமரா முகம் கிழக்கையும் மேற்கையும் பார்க்க வேண்டாம். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணைக் கூசும். வடக்கு பார்த்து வைப்பது நல்லது.
* இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். அது சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 12 வோல்ட்டை அப்படியே கேமராவுக்குக் கொடுங்கள்.
* மெல்லிய வயரை நீளமாக இழுக்காதீர்கள். அரை சதுர மி.மீ. வயரை 50 மீட்டர் இழுத்து 0.6 ஆம்பியர் ஓடவிட்டால், வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா அணைந்து அணைந்து வரும். 2.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்கூடப் போகாது. பேட்டரியைக் கம்பத்தடியிலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.
* கோடை இடிக்குத் தனிக் கம்பம் நல்ல இலக்கு. எர்த் கம்பி இறக்கி, மின்னெழுச்சித் தடுப்பானும் போடுங்கள்.

பேனலைத் துடைக்க விடியற்காலைதான் சரியான நேரம். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கேமரா முன்னால் சிலந்தி வலை பின்னும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

சிம், கார்டு, கடவுச்சொல்

வாங்குமுன் கம்பம் நடும் இடத்தில் நின்று எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் நாள் முழுக்க நேரலை அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. டேட்டா போகும். எந்தத் திட்டமும் தாங்காது. தொடர் பதிவு மெமரி கார்டில் இருக்கட்டும். நடமாட்டம் தெரிந்தால் மட்டும் துண்டுப் படம் கைப்பேசிக்கு வரட்டும். 128 ஜி.பி. கார்டில் பதினோரு நாள் பதிவு நிற்கும்.

பெட்டியில் வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் தோட்டத்தை எங்கிருந்தோ ஒருவன் உட்கார்ந்து பார்ப்பான். இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு 2025 ஏப்ரலில் இருந்து மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். சான்று பெற்ற மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் மெமரி கார்டில் இருக்கும் மூலப் பதிவை அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிய துண்டுப் படத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பன்றியை நிறுத்துமா?

நிறுத்தாது. கேமரா பார்க்கும், சொல்லும், அவ்வளவுதான். கோவை மதுக்கரையில் ரயிலில் யானைகள் அடிபடாமல் இருக்க, 2024 பிப்ரவரியில் வனத்துறை 12 கோபுரங்களில் கேமராக்களை வைத்து, செயற்கை நுண்ணறிவின் உதவியால் யானையைக் கண்டறியும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அங்கேயும் கேமரா யானையை விரட்டவில்லை. தகவல் போகிறது, ரயில் மெதுவாகிறது, ஆட்கள் போய் யானையைத் திருப்புகிறார்கள். தகவல் வந்த பிறகு அசையும் ஆள் இருப்பதால்தான் அது பலிக்கிறது.

ஆனாலும் ஒரு பெரிய நன்மை உண்டு. எந்த விலங்கு, எந்த வழி, எத்தனை மணிக்கு என்பது தேதியோடு தெரிந்துவிடும். இழப்பீட்டுக்கு மனு கொடுக்கும்போது அது உதவும். 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை, 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். நாமே வேலியில் நேரடிக் கரண்டைக் கொடுப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. பன்றிக்கு வைத்த கம்பியில், தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டக்காரர் செத்த செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். வழி தெரிந்துவிட்டால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் முறையான சூரிய மின்வேலியோ உயிர்வேலியோ போட்டால் போதும்.

எங்கள் ஓரத்துக் கேமரா இன்னொன்றையும் காட்டியது. எலிக்காக நட்ட பறவைத் தாங்கியில் ஆந்தை வந்து உட்கார்கிறது. கீரியும் வருகிறது. பகலில் மட்டும் தோட்டத்தைப் பார்க்கிற நமக்கு ராத்திரி வேலைக்காரர்கள் யார் என்று தெரியாமலே போகிறது.

யாரைப் பார்க்கிறோம்?

இதைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. நம் தோட்டத்தில் களை எடுக்க வரும் பெண்கள் பம்புசெட்டுத் தொட்டியில்தான் கை கால் கழுவுகிறார்கள், குளிக்கிறார்கள். ஒதுங்க வேறு இடமும் கிடையாது. கேமரா தொட்டியைப் பார்க்கவே கூடாது. வரும் பாதையைப் பார்க்கட்டும். கேமரா இருக்கிறது என்று வேலைக்கு வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி, ஒரு பலகையும் எழுதி மாட்டுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பெண்களை அந்தரங்கமான நிலையில் படம் பிடிப்பது குற்றம். எங்கள் கேமராவைத் திருப்பி வைக்கச் சொன்னதே வேலைக்கு வந்த ஒரு அக்காதான். "தம்பி, அது கிணத்தப் பாக்கட்டும், எங்களப் பாக்க வேணாம்" என்றார். வேலை நடக்கும் நேரத்தில் அணைத்து வைக்கவும் செய்கிறோம்.

மதுரைச் சீமைக்குக் காவல் புதிதல்ல. ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தார், அறுவடையில் அவருக்குப் பங்கு இருந்தது. அந்தக் காவல் முறையை ஒழித்த வெள்ளைக்காரன், காவல் காத்த மக்களையே பிறவித் திருடர்கள் என்று பதிவேட்டில் எழுதினான். அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு, ராத்திரியில் எடுத்த ஒரு மங்கல் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இவன்தான்" என்று நாம் எழுதலாமா? பக்கத்து ஊருக்கு நடந்து போனவராக இருக்கலாம், ஆடு தேடி வந்தவராக இருக்கலாம். படம் காவல் நிலையத்துக்குப் போகட்டும், குழுவுக்குப் போக வேண்டாம்.

நாலு பேர் சேர்ந்தால்

கேமராவையே தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? ஒன்றை இன்னொன்று பார்க்கும்படி வைப்பதுதான் வழி. அதற்குத் தனி ஆளால் முடியாது. அடுத்தடுத்த நாலு கிணற்றுக்காரர்கள் சேர்ந்தால் பாதைக்கு ஒன்றும் கிணறுகளுக்கு இரண்டுமாக மூன்று கேமராக்களில் வேலை முடிந்துவிடும். செய்தி நாலு கைப்பேசிக்கும் போகட்டும். எந்த ராத்திரி யார் முதலில் எழுந்து போவது, யார் டார்ச்சோடு பின்னால் வருவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக யாரும் இருட்டில் ஓட வேண்டாம். பாம்பும் உண்டு, அரிவாளும் உண்டு. உங்கள் ஊர்க் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கம்பம் நடும் முன் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமானால், எங்கள் தோட்டத்துக்கு வந்து பேனலையும் பேட்டரியையும் நேரில் பார்த்துவிட்டுப் போகலாம்.