இயந்திர ஒலியும் விளையாட்டுப் பெட்டியும்

பருத்தித்துறைக் கரையில் வாழ்வோர்க்கு வள்ளத்தின் இயந்திர ஒலி ஒரு மொழி. வேகம் கூடினால் சுருதி உயரும். மீன்பாரத்துடன் வரும் வள்ளமோ வெறுமையாய் வருவதினும் கனத்து முழங்கும். வேகம், சுமை என்னும் இவ்விரண்டையும் ஒலியிலே காட்டுவதுதான் மோட்டார்ப் பந்தய விளையாட்டுகளை ஆக்குவோர்க்கு நேர்ந்த இடர்.

ஒரே ஒலிப்பதிவை விரைவாக ஓட்டினால் சுருதி உயரும். ஆயின் அளவு மீறினால் முழக்கம் கொசுவின் ரீங்காரமாகிவிடும். ஆகவே பல வேகங்களுக்கும், விசை கொடுத்த நிலைக்கும், விசை விட்ட நிலைக்கும் தனித்தனிப் பதிவுகள் வேண்டும்.

அவற்றுக்கு இடம் எங்கே? 1994 இல் யப்பானில் வெளிவந்த பிளேஸ்ரேஷன் பெட்டியின் ஒலி நினைவகம் 512 கிலோபைற் மாத்திரமே. சுருக்கி அடைத்தாலும், நிறைந்த தரத்தில் ஏறத்தாழ 20 செக்கன் ஒலியே அதில் அடங்கும். ஒரே வேளையில் எழக்கூடிய குரல்கள் 24. சில்லின் கீச்சொலி, மோதல், எதிராளிகளின் கார்கள் யாவும் அதற்குள்ளேயே பங்கு கொள்ள வேண்டும். எனவே ஒரு காருக்குச் சில துண்டுப் பதிவுகளே வாய்த்தன.

2000 இல் வந்த இரண்டாம் பிளேஸ்ரேஷனில் நினைவகம் நான்கு மடங்காயிற்று. குரல்கள் 48 ஆயின. இன்றோ அத்தட்டுப்பாடு பெரிதும் நீங்கிற்று. ஆயினும் பதிவு செய்யாத ஒலியை எப்பெரும் நினைவகமும் தந்துவிடாது என்பதை நேயர்கள் உணர்வர்.