செபமாலை மாதமும் செங்கம் சாலையும்

ஐப்பசி பிறந்ததும் அருணை மலையுச்சியை முகில் மூடிக்கொள்ளும். பழந்தமிழர் கூதிர் என வகுத்த இக்காலத்தில்தான் செபமாலைக்குரிய அக்டோபரும், மரித்த விசுவாசிகளுக்குரிய நவம்பரும் வருகின்றன. அக்டோபர் முழுவதும் செபமாலை சொல்லுமாறு 1883இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் திருச்சபையைக் கேட்டுக்கொண்டார்.

இரமணாசிரமப் பகுதியில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம் இம்மாதங்களை எவ்வாறு கழிப்பது? வீட்டினுள் 53 மணிச் செபமாலை நடைபெறுகையில், வெளியே செங்கம் சாலையோரத்தில் துறவியரும் வறியோரும் நனைந்த துணியோடு ஒதுங்கி நிற்கின்றனர். வேற்றுச் சமயத்தார் ஆயிற்றே எனத் தயங்குவோர் நம்மில் உண்டு. பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது எப்பொழுது? 1965 அக்டோபர் 28, செபமாலை மாதத்திலேதான்!

அதற்கும் முன்னரே, 1949 ஜனவரியில், மோன்சனேன், ஆன்றி லெ சோ எனும் பிரெஞ்சுக் குருக்கள் இவ்வாசிரமம் வந்து இரமணரைக் கண்டனர். மறு ஆண்டு குளித்தலை அருகே சாந்திவனம் நிறுவினர். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, பின்னர் இம்மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார், குருத்துவத்தைத் துறந்தாரில்லை.

நாம் குகைக்குச் செல்ல வேண்டுவதில்லை. மரித்தோர் பெயரால் தருமம் செய்வது நம் முன்னோர் வழக்கம். கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுதிரியும் வாங்கும்போது ஒரு கம்பளியும் வாங்கலாமே! 2017 முதல் நவம்பரில் அனுசரிக்கப்படும் வறியோர் உலக நாளில் அதை அளிக்கலாம். கார்த்திகைத் தீபத்தன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர்க்கு வாசலில் குடிநீர் வைக்கலாம். துண்டுப் பிரசுரம் வேண்டாம், தண்ணீர் போதும். பிள்ளைகள் கையில் சொம்பைக் கொடுத்தால் இன்னும் நன்று.