வண்டி வேகம் இருக்கட்டும்... உடம்பின் 14 வேகங்களைத் தெரியுமா?

பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச நாள் இருக்கிறதே, அப்போதுதான் நம் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பும். "பசங்க செட்டிலாயிட்டாங்க. இனியும் போகலேன்னா எப்பத்தான் போறது? நானும் அவனும் காரை எடுத்துக்கிட்டு கடற்கரை ஓரமாவே கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்துடறோம்" என்பார் வீட்டுக்காரர். அந்த 'அவன்', பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் சிநேகிதர். வீட்டம்மா அப்போது ஒன்றும் சொல்ல மாட்டார். மறுநாள் காலை என் வைத்தியசாலையில் வந்து நிற்பார். "ஏனுங்க டாக்டர், இவரு இந்த வயசுல அவ்ளோ தூரம் போலாமுங்களா?"

தாராளமாகப் போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். ஆத்தூர்க்காரர்களான எங்களுக்குக் கண் திறந்தால் கல்வராயன் மலையும் மரவள்ளிக் காடும்தான். கடல் என்றால் ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்யும். சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று போனால் சுமார் 150 கிலோமீட்டரில் கடலூர் வந்துவிடும். அங்கே வண்டியைத் தெற்கே திருப்பினால் சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், அதிராம்பட்டினம், தொண்டி, ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி... கடைசியில் குமரிமுனை. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. அதிராம்பட்டினம் தாண்டி மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட தஞ்சை சரபோஜி மன்னர் கடலோரத்தில் எழுப்பிய 8 அடுக்குக் கோபுரம் அது. எனக்கு அந்த இடத்தில் தனி மரியாதை. அந்த மன்னர் காலத்தில் திரட்டிய மருந்து முறைகளைத்தான் சரஸ்வதி மஹால் நூலகம் பின்னாளில் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று பதிப்பித்தது. சித்த வைத்தியம் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம்.

சரி, பயணத்துக்கு வருவோம். நம் ஆட்கள் எதையெல்லாம் யோசிக்கிறார்கள்? எந்த ஊரில் தங்குவது, பெட்ரோலுக்கு எவ்வளவு, எந்தக் கடையில் மீன் வறுவல் நன்றாக இருக்கும், இதெல்லாம் நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு உடம்புகள் ஒரு வாரம் ஒரே வண்டியில் போகப் போகின்றனவே, அதற்கு அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு கணக்கு உண்டு. வேகம் என்றால் உடம்பு தானாகத் தள்ளும் உந்துதல். வாயு பிரிதல், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு ஆகிய 14. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாலபாடம். நெடும்பயணத்தில் நாம் செய்வது என்ன? "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று இவற்றில் பாதியையாவது அடக்குவதுதான்!

முதலில் தாகமும் சிறுநீரும். இவை இரண்டும் ஜோடி. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று பயந்து தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். பெண்கள் வந்தால் இது இரட்டிப்பு. ஆனால் நீங்கள் போவது கடலோரம். நம் ஊர்க் காற்று வறண்டது, வியர்வை வந்ததும் காயும், உடம்பு குளிரும். கடற்காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பும் குளிராது, அதனால் இன்னும் வியர்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் சத்தமில்லாமல் இறங்கும். மாலையில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும் தலைவலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்து, நிலம் மாறினால் உடம்பின் போக்கும் மாறும் என்று எங்கள் நூல்கள் சொல்வது சும்மா இல்லை.

ஆகவே வீட்டிலிருந்தே சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் இரண்டு கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் கரிக்கும். வாய்க்குப் பிடிக்காமல் குடிப்பது தானாகக் குறைந்துவிடும். மோர் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள். இரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம் இவற்றுக்காக உப்பையும் நீரையும் அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் மட்டும், கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடையிலோ இறங்கி, ஒதுங்கி, ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். மணிக்கணக்காகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் காலின் உள் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதுண்டு. அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது பசி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். 12 வருடமாகச் சர்க்கரை. சேகோ தொழில் செய்யும் சிநேகிதரோடு கன்னியாகுமரி வரை கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்தார். "ஒரு வாரத்துக்குத் தெம்பா இருக்க ஏதாச்சும் லேகியம் குடுங்க டாக்டர்." மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கிளிமிபிரைடு இருந்தது. "உங்க சிநேகிதருக்குச் சர்க்கரை விஷயம் தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "சொன்னா வண்டியத் தொடவே விடமாட்டானுங்க. வழியில அல்வா கூட வாங்கித் தரமாட்டான்." நாற்பது வருட நட்பு! குடும்பச் சண்டை, கொடுக்கல் வாங்கல் எல்லாம் தெரியும். இது தெரியாது!

லேகியம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். லேகியம் என்றாலே வெல்லமோ சர்க்கரையோ சேர்ந்ததுதான். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தேன். கிளம்பும் முன் இருவரும் உட்கார்ந்து, அவரவர் நோய், மாத்திரை, அதன் நேரம், வீட்டு நம்பர் இவற்றை ஒரு தாளில் எழுதி, தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் தாள் இவர் பையில், இவர் தாள் அவர் பையில். கூடவே, சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்பதையும் சிநேகிதரிடம் சொல்லச் சொன்னேன். மனசில்லாமல்தான் போனார். எழுதி மாற்றிக்கொண்டபோதுதான் தெரிந்ததாம், அந்தச் சிநேகிதருக்கு இரண்டு வருடம் முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவரும் சொல்லவில்லை!

பயணத்தில் ஒரு நாள். மனோராவைச் சுற்றிப் பார்த்ததில் நேரம் போய்விட்டது. "தொண்டியில போய் நல்ல மீன் சாப்பாடா சாப்பிடலாம்" என்று பசியைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் தலைமையாசிரியர். மீமிசல் தாண்டியதும் சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. கடலோரம், இரண்டு மணி வெயில், யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார். ஸ்டியரிங் மேல் கை நடுங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவருக்குத் தாளில் படித்தது ஞாபகம் வந்துவிட்டது. "டேய், வண்டிய ஓரங்கட்டுடா" என்று சத்தம் போட்டு நிறுத்த வைத்து, தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். அதன்பின் அன்று ஸ்டியரிங் சிநேகிதர் கையில்.

அந்தத் தாள் இல்லையென்றால் வியர்வையை வெயில் என்றே நினைத்திருப்பார்கள். எதிரே ஒரு பஸ் வந்திருந்தால்?

நன்றாகக் கவனியுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் இவைதான் அறிகுறிகள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தெளிந்த பிறகு உண்ண ஏதாவது வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள். அதே குளிர்ந்த வியர்வையோடு நெஞ்சு அழுத்தமும் இடது கை வலியும் இருந்தால் அது வேறு கதை. கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் மருந்தை நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். பூட்டிய கார் அடுப்பு மாதிரி. ஈரத்துணி சுற்றிய டப்பாவிலோ ஃப்ளாஸ்க்கிலோ கையோடு கொண்டு போங்கள். ஐஸ் மேல் நேராக வைத்து உறைய விட்டாலும் மருந்து கெட்டுவிடும்.

இன்னொரு சங்கதி. புதுச்சேரி பக்கத்தில், காரைக்கால் வழியிலேயே! நண்பர்கள் சேர்ந்து போகும்போது அங்கே எதற்கு வண்டி நிற்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தால் விடிகாலையில் சர்க்கரை இறங்கும். பக்கத்தில் படுத்தவர் போதைத் தூக்கம் என்று விட்டுவிடுவார். வேறு எந்த அறிவுரையும் சொல்லப் போவதில்லை. இது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமும் கொட்டாவியும். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடிகாலையில் கடலில் சூரியோதயம் பார்ப்பது என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். விடிகாலை இரண்டிலிருந்து ஆறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு, இந்த நேரங்களில் உடம்பு தானாகவே கண்ணைச் சொருகும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் ஐந்து நிமிட வித்தை. இரண்டாவது கொட்டாவி வந்ததும் ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். காப்பி குடித்தாலும் அது வேலை செய்ய அரைமணி ஆகும். ஓட்டுபவர் பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது, அதுதான் அவருக்கு வேலை. ஒரு நாளைக்கு 150, மிஞ்சிப்போனால் 200 கிலோமீட்டர் போதும். ஆறு நாள் வைத்துக்கொண்டால் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு நிதானமாகப் போகலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பயணம் வைக்காதீர்கள், அன்று தூக்கம் கண்ணைச் சுற்றும்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடுவது ஈரக்கல்லில் வெறுங்காலோடு. திருச்செந்தூரிலும் வேளாங்கண்ணியிலும் உச்சி வெயில் மணல். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும், மணல் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் தெரியாது. விடியலிலோ மாலையிலோ கடலில் கால் நனையுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒருவர் பாதத்தை மற்றவர் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். கூச்சப்படாதீர்கள், சிநேகிதன்தானே!

சாப்பாட்டில் பெரிய பயம் வேண்டாம். மீன் கண்ணெதிரே பொரித்துச் சூடாக வரட்டும். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, அயிலை மீன்கள் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்க வைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது மீனும் குறைவு, வெயிலும் கொடுமை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் செய்த அழிவை மறக்க முடியுமா? தை, மாசிதான் தோது. உடன்குடிக் கருப்பட்டி கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அதுவும் சர்க்கரைதான்!

பையில் என்ன வைக்கலாம்? வழக்கமான மாத்திரைகள் நாலு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். பயணத்தில் அவற்றை நிறுத்திச் சித்த மருந்தைப் பரீட்சை பார்க்காதீர்கள். இதைச் சித்த வைத்தியனே சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சர்க்கரை ஒரு சின்ன டப்பா. குமட்டலுக்குச் சுக்குத் துண்டு அல்லது உப்பு நாரத்தங்காய். செரிமானத்துக்கு ஓமத் தீநீர் அல்லது அஷ்ட சூரணம், அதை மோரில் சாப்பிடலாம். மலம் கட்டினால் ராத்திரி வெந்நீரில் திரிபலா சூரணம். இவ்வளவு போதும், மருந்துக் கடையையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நோட்டில் ஊர்களுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி எல்லாம் மாவட்டத் தலைநகரங்கள், பெரிய அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் நாகப்பட்டினத்தை விட்டால் ராமநாதபுரம் வரை 200 கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி வரையும் ஆளரவம் குறைந்த நீண்ட சாலை. இந்த இரண்டு பகுதிகளையும் பகலில், வயிறு நிறைந்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கடந்துவிடுங்கள். விபத்து என்று எதுவும் வர வேண்டாம். வந்தால், தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும்கூட.

கடைசியாகத் திரும்பும் நாள். கன்னியாகுமரியிலிருந்து மதுரை, கரூர், நாமக்கல் வழியாக ஆத்தூர் வர ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான்கு வழிச் சாலை வழுவழுவென்று இருக்கும், வீட்டு ஞாபகமும் வந்துவிடும். "ஒரே மூச்சுல போயிடலாம்டா" என்று தோன்றும். ஆறு நாள் களைப்பு அன்றைக்குத்தான் கண்ணில் வந்து உட்காரும். மதுரையில் ஒரு ராத்திரி தங்கி, காலை இட்லி சாப்பிட்டுக் கிளம்புங்கள். வீட்டம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டு, ஒரு நாள் தாமதம் என்று சொல்லிவிடுங்கள்.